எளிமைக்கு பில் கட்டியவர்

சென்னையில் பறக்கும் ரயிலில் போயிருந்தால் கஸ்தூரிபா நகர் ஸ்டேஷனைத் தாண்டியிருப்பீங்க. பெயர் தெரியும். காந்தியோட மனைவி. படங்களில் அவர் பக்கத்தில் வெள்ளைச் சேலையில் அமைதியா உட்கார்ந்திருப்பாங்களே, அவங்கதான். அதுக்கு மேல ஏதாவது சொல்லுங்கன்னு கேட்டா, நம்மில் பெரும்பாலானவங்க செல்போனைத் தேடுவோம்.

இந்த இதழுக்கு அவங்களைப் பத்தி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கு. நம்ம பேட்ச்சில் நிறைய பேருக்கு ஆஃபர் லெட்டர் வந்தாச்சு. முதல் சம்பளத்தில் எந்த போன், எந்த பைக், எத்தனை மாசம் இஎம்ஐ என்பதுதான் ஹாஸ்டல் பேச்சு. இன்னொரு பக்கம், பத்து சட்டையோடு வாழ்வது எப்படின்னு மினிமலிசம் ரீல்ஸ் ஓடுது. கவனிச்சுப் பாருங்க, அந்த ரீல்ஸில் எப்பவும் ஒரே ஒரு ஆள்தான் இருப்பார். வெள்ளைச் சுவர், ஒரு செடி, ஒரு மேஜை. அம்மா இல்லை, அக்கா இல்லை, ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டிய பிள்ளை இல்லை. தனி ஆளுக்கு எளிமை ரொம்ப சுலபம். ஒரு வீட்டில் ஒருத்தருக்கு மட்டும் திடீர்னு எளிமை மேல ஆசை வந்துட்டா மத்தவங்க கதி என்ன? அந்தக் கேள்வியோடு கஸ்தூரிபாவின் வாழ்க்கையைப் படிச்சா, படத்தில் இருக்கும் அமைதி கலைஞ்சு போகும். அறுபது வருஷத்துக்கு மேல் நடந்த ஒரு வாக்குவாதம் அது.

அவர் 1869-இல் குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தவர். காந்திக்குச் சில மாதம் மூத்தவர். அப்பா கோகுல்தாஸ் மகன்ஜி, வியாபாரி. வசதியான வீடு. பெயர் கஸ்தூர், 'பா' என்பது பின்னால் ஒட்டிக்கொண்டது, குஜராத்தியில் அம்மா என்று பொருள். பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. 13 வயதில் கல்யாணம். அதிலேயே ஒரு சிக்கனக் கணக்கு இருக்கு. காந்தி, அவருடைய அண்ணன், சித்தப்பா-பெரியப்பா வழியில் இன்னொரு பையன், மூணு பேருக்கும் ஒரே பந்தலில் கல்யாணத்தை முடிச்சிட்டாங்க. தனித்தனியா செலவு செய்வதை விட ஒரேயடியா செஞ்சா செலவும் குறையும், ஆடம்பரமும் தெரியும் என்று பெரியவங்க போட்ட திட்டம். செலவைக் குறைப்பதற்கும் எளிமைக்கும் சம்பந்தம் இருக்கணும்னு அவசியமில்லை என்பதற்கு நல்ல உதாரணம்.

1888-இல் காந்தி சட்டம் படிக்க லண்டன் போகணும். பணம் இல்லை. மனைவியின் நகைகளை விற்றால் 2000, 3000 ரூபாய் தேறும் என்று அவரே யோசனை சொன்னார். கையில் சில மாதக் குழந்தை ஹரிலாலோடு இருந்த 19 வயதுப் பெண்ணின் நகைகள் அவை. அதுக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்து சில நாளிலேயே இறந்திருந்தது. கணவர் மூணு வருஷம் ஊரில் இல்லை.

1896 டிசம்பரில் குடும்பமே கப்பலேறி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போனது. இப்போ காந்தி பாரிஸ்டர். வெள்ளைக்காரங்க நடுவில் மரியாதை வேணும்னா உடை மாறணும் என்று முடிவு செய்தார். கஸ்தூரிபாவுக்குப் பார்சி பாணியில் சேலை. பையன்களுக்குக் கோட்டும் கால்சட்டையும். எல்லாருக்கும் ஷூ, சாக்ஸ். சாப்பாட்டுக்குக் கத்தி, முள்கரண்டி. பழக்கமில்லாத ஷூவில் கால் விரல்கள் புண்ணாச்சு, சாக்ஸ் வியர்வையில் நாறியது என்று காந்தியே பின்னால் எழுதியிருக்கார். கொஞ்ச வருஷத்தில் இதெல்லாம் வேஷம் என்று அவருக்கே தோன்றி, எல்லாத்தையும் கழற்றச் சொன்னார். போடச் சொன்னதும் அவர்தான், கழற்றச் சொன்னதும் அவர்தான் என்பதைக் கவனிங்க. ஆடம்பரத்துக்கு மாறும்போதும் சரி, எளிமைக்கு மாறும்போதும் சரி, கஸ்தூரிபாவிடம் யாரும் கேட்கவில்லை.

டர்பனில் அவர்கள் வீடு கடற்கரைப் பக்கம் நல்ல இடத்தில் இருந்தது. அங்கேதான் காந்தி சிக்கனத்தில் இறங்கினார். சலவைக்காரர் பில் அதிகம் என்று ஒரு சலவைப் புத்தகம் வாங்கிப் படித்து, தானே துவைக்க ஆரம்பித்தார். முதல் தடவை கஞ்சி போட்ட காலரோடு கோர்ட்டுக்குப் போனபோது அதிலிருந்து கஞ்சி உதிர்ந்து, மற்ற வக்கீல்கள் சிரித்த கதை பிரபலம். அந்தக் கதையில் எல்லாரும் தாண்டிப் போகும் ஒரு வரி உண்டு: துவைக்கும் கலையை மனைவிக்கும் சொல்லிக் கொடுத்தேன் என்கிறார். அவருக்கு அது புது அனுபவம், அதனால் சுகமா இருந்தது. வீட்டு வேலை ஏற்கெனவே தலைக்கு மேல் கிடந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

1898-இல் நடந்தது அதை விடப் பெரிய சண்டை. காந்தியின் ஆபீஸ் குமாஸ்தாக்கள் சிலர் அந்த வீட்டிலேயே தங்கியிருந்தாங்க. அறைகளில் கழிவுநீர் போக வழி கிடையாது. ராத்திரி பயன்படுத்தும் பாத்திரங்களைக் காலையில் யாராவது எடுத்துக் கொட்டிச் சுத்தம் செய்யணும். கணவனும் மனைவியும் அதைச் செய்தார்கள். புதுசா ஒரு குமாஸ்தா வந்தார். கிறிஸ்தவர், தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். அவருடைய பாத்திரத்தை எடுக்க கஸ்தூரிபாவுக்கு மனசு வரவில்லை. கணவர் எடுப்பதும் பொறுக்கவில்லை. கண்ணில் நீர் வழிய, கோபத்தோடு படியிறங்கினார். எடுத்தால் மட்டும் போதாது, சிரிச்ச முகத்தோடு எடுக்கணும் என்று காந்தி கத்தினார். அப்படின்னா உங்க வீட்டை நீங்களே வெச்சுக்கோங்க என்ற அர்த்தத்தில் அவரும் கத்தினார். காந்தி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசல் கேட்டைத் திறந்தார், வெளியே தள்ள. யாரும் தெரியாத நாட்டில் நான் எங்கே போவேன், உங்களுக்கு வெட்கமே இல்லையா என்று அழுதபடி கேட்டார் கஸ்தூரிபா. காந்தி கேட்டை மூடினார்.

இதில் யார் பக்கம் நிற்பது? எனக்கு நேரா ஒரு பக்கம் நிற்க முடியலை. சாதி விஷயத்தில் காந்தி சொன்னதுதான் சரி, கஸ்தூரிபாவின் தயக்கம் தப்பு. ஆனால் சரியான கொள்கைக்காக ஒருத்தரைக் கேட்டுக்கு வெளியே தள்ளப் போனது கொடுமை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. இந்த சம்பவத்தை உலகத்துக்குச் சொன்னதே காந்திதான், தன் மேலேயே குற்றம் சாட்டி சத்திய சோதனையில் எழுதியிருக்கார். கஸ்தூரிபா பெரிசா எதையும் எழுதி வைக்கலை. அவரைப் பத்தி நமக்குத் தெரிந்ததில் பாதி, அவரோடு சண்டை போட்டவர் எழுதியது. அப்படியிருந்தும் பல சண்டைகளில் அவர் வாதம்தான் பலமா நிற்குது.

நெக்லஸ் சண்டையை எடுத்துக்கோங்க. 1901-இல் குடும்பம் இந்தியா திரும்பத் தயாரானபோது நேட்டால் இந்தியர்கள் பரிசுகளாகக் குவித்தார்கள். தங்க வாட்ச், தங்கச் சங்கிலி, வைர மோதிரம். கஸ்தூரிபாவுக்கென்றே ஒரு தங்க நெக்லஸ், விலை 50 கினி, அதாவது ஐம்பத்திரண்டரை பவுண்டு. அன்று ராத்திரி காந்திக்குத் தூக்கம் வரவில்லை. பொதுச்சேவைக்குக் கூலி வாங்கலாமா? விடியறதுக்குள் எல்லாத்தையும் ஒரு டிரஸ்ட்டுக்குக் கொடுக்க ஏற்பாட்டுக் கடிதமே தயார். அடுத்து அவர் செய்ததுதான் சாமர்த்தியம். முதலில் பிள்ளைகளிடம் பேசினார். மூத்தவன் ஹரிலாலுக்கு 13 வயசு, மணிலாலுக்கு 8. அவங்க உடனே சரின்னுட்டாங்க. பிள்ளைகளைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு மனைவியிடம் வந்தார்.

கஸ்தூரிபா விடவில்லை. உங்களுக்கு வேண்டாம், சரி. பிள்ளைகள் நீங்க ஆட்டி வைக்கிறபடி ஆடுவாங்க, சரி. நான் போட்டுக்கக் கூடாது, அதுவும் சரி. நாளைக்கு வரப்போகும் மருமகள்களுக்கு? நாளைக்கு என்ன நடக்கும்னு யாருக்குத் தெரியும்? காந்தி, நகை ஆசை இல்லாத பெண்களாப் பார்ப்போம், தேவைப்பட்டா என்னிடம் கேள் என்றார். உங்களிடமா, என்னுடைய நகைகளையே வாங்கிக்கிட்டவர் மருமகளுக்கு வாங்கித் தருவாரா என்று திருப்பிக் கேட்டார் இவர். கடைசியா காந்தி ஒரு பாயின்ட் எடுத்தார்: இந்த நெக்லஸ் உன் சேவைக்குக் கொடுத்ததா, என் சேவைக்கா? அதுக்குக் கஸ்தூரிபா சொன்ன பதிலின் சாரம் இது: உங்கள் சேவை என்பது என் சேவையும்தான். ராத்திரி பகலா உங்களுக்காக உழைத்திருக்கேன், கண்டவர்களையும் வீட்டில் கொண்டு வந்து வெச்சு என் தலையில் கட்டினீங்க, அதெல்லாம் சேவை இல்லையா?

இந்த வாதம் குத்தியது என்று காந்தியே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் நெக்லஸ் போயிடுச்சு. எப்படியோ சம்மதத்தைப் பிடுங்கினேன் என்கிற மாதிரிதான் எழுதியிருக்கார்.

பேராசை பிடிச்ச மனைவி, துறவு மனம் கொண்ட கணவன் என்று இதைப் படிக்கலாம். ஸ்கூலில் அப்படித்தான் நீதிக்கதையாச் சொல்வாங்க. ஆனா அந்தக் காலத்துப் பெண்ணுக்கு நகைதான் பேங்க் அக்கவுன்ட், பிஎஃப், மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எல்லாம். சொத்தில் பங்கு கிடையாது, சம்பளம் கிடையாது. அவர் வாங்கும் ஆசையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கவில்லை, பாதுகாப்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். நுகர்வுக் கலாசாரத்தைத் திட்டும்போது நாம இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டிடறோம். நம்ம வீடுகளிலும் செலவைக் குறைக்கணும்னு முடிவெடுத்தா முதலில் வெட்டு விழறது அம்மாவோட லிஸ்ட்டில்தானே? ஓடிடி சந்தா பத்திரமா இருக்கும்.

அடுத்த அத்தியாயம் இன்னும் சுவாரசியம். பம்பாயில் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் பேச்சில் மயங்கி, காந்தி 10,000 ரூபாய்க்கு ஒரு பாலிசி எடுத்தார். தான் செத்துட்டா மனைவி, பிள்ளைகள் கதி என்னன்னு பயம். கொஞ்ச வருஷம் கழித்து ஜோகன்னஸ்பர்கில் இருக்கும்போது, இது கடவுள் மேலும் குடும்பத்தின் உழைப்பு மேலும் நம்பிக்கையில்லாத செயல் என்று தோன்றியது. பிரீமியம் கட்டுவதை நிறுத்தினார். பாலிசி காலாவதி. நகை போச்சு, பாலிசியும் போச்சு.

1904-இல் ஒரு ரயில் பயணத்தில் ரஸ்கினின் புத்தகத்தைப் படித்துவிட்டு, டர்பன் பக்கத்தில் 100 ஏக்கர் நிலத்தை வாங்கி ஃபீனிக்ஸ் குடியிருப்பை ஆரம்பித்தார் காந்தி. எல்லாருக்கும் நிறம், நாடு பார்க்காமல் மாசம் 3 பவுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்த ஒரு நெக்லஸ் ஒரு ஃபீனிக்ஸ் தொழிலாளியின் பதினேழு மாதச் சம்பளத்துக்கும் மேல். ஜோகன்னஸ்பர்க் வீட்டில் 7 பவுண்டுக்கு ஒரு கை இயந்திரம் வாங்கி வீட்டிலேயே மாவு அரைத்தார்கள். காந்தி, நண்பர் போலக், பிள்ளைகள் எல்லாரும் சுற்றினார்கள். கஸ்தூரிபா எப்போதாவதுதான் கை கொடுத்தார், ஏன்னா அந்த நேரத்தில் அவர் அடுப்படியில் இருந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அப்பாவோடு ஆபீஸுக்குப் போய் வரும் ஐந்து மைல் நடையில் அவர் சொல்லிக்கொடுப்பதுதான் பாடம்.

எளிமையில் விலை அதிகமான ஐட்டம் இந்தப் படிப்புதான். ஹரிலாலுக்கு லண்டன் போய்ச் சட்டம் படிக்க ஆசை. உதவித்தொகைக்கு வாய்ப்பு வந்தபோது காந்தி அதைத் தன் மகனுக்குத் தரவில்லை, வேறு ஆளுக்குத் தந்தார். தன் பிள்ளைக்கே சலுகை காட்டக் கூடாது என்ற நேர்மை அது. ஊழல் செய்திகளைப் படிச்சுப் படிச்சு வெறுத்துப் போன நமக்கு இது பெருமையாத்தான் தெரியும். ஹரிலாலுக்கு அப்படித் தெரியலை. 1911-இல் வீட்டை விட்டுப் போனார். அப்புறம் குடி, கடன், அலைச்சல். அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவே பாசம் மட்டும் அறுந்து போகலை, ஆனால் அந்த உறவு முழுசாச் சரியாகவும் இல்லை. ஹரிலாலின் மனைவி 1918-இல் இறந்த பிறகு அந்தப் பேரக்குழந்தைகளின் கவலையும் கஸ்தூரிபாவுக்கு வந்து சேர்ந்தது.

இதுவரை படிச்சா, கணவன் இழுத்த இழுப்புக்குப் போன ஒரு பெண் என்று நினைக்கத் தோணும். அதுவும் தப்பு. அவரே எடுத்த முடிவுகளைப் பாருங்க. தென்னாப்பிரிக்காவில் ஒரு அறுவை சிகிச்சைக்குப் பிறகு மிகவும் பலவீனமா இருந்தபோது, டாக்டர் மாட்டிறைச்சி சூப் கொடுத்தே ஆகணும் என்றார். காந்தி முடிவை அவரிடமே விட்டார். செத்தாலும் பரவாயில்லை, வேண்டாம் என்று சொல்லி, மழையில் அந்த ஆஸ்பத்திரியை விட்டு ஃபீனிக்ஸுக்குக் கிளம்பினார். பிறகு ரத்தப்போக்கு திரும்ப வந்தபோது உப்பையும் பருப்பையும் விடச் சொன்னார் காந்தி. உங்களால் விட முடியுமா என்று கேட்டார் கஸ்தூரிபா. அந்த நிமிஷமே ஒரு வருஷத்துக்கு விட்டேன் என்றார் காந்தி. கஸ்தூரிபா பதறிப்போய், நான் விட்டுடறேன், நீங்க உங்க வாக்கைத் திரும்ப வாங்கிக்கோங்கன்னு கெஞ்சினார். நடக்கலை. உங்களிடம் பேசிப் பயனில்லை என்று அழுதார். இந்தக் காட்சியில் எனக்கு எப்பவும் சிரிப்பும் வரும், கடுப்பும் வரும்.

1913-இல் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஒன்று, கிறிஸ்தவ முறையில் நடக்காத, பதிவு செய்யப்படாத திருமணங்கள் செல்லாது என்ற பொருளில் தீர்ப்பு சொன்னது. ஒரே நாளில் கஸ்தூரிபா சட்டப்படி மனைவி இல்லை. 44 வயதில் அவர் சிறைக்குப் போகத் தானே முன்வந்தார். செப்டம்பரில் ஃபீனிக்ஸிலிருந்து கிளம்பிய 16 பேரில் 4 பேர் பெண்கள். எல்லையில் கைது, மூணு மாதம் கடுங்காவல், மாரிட்ஸ்பர்க் சிறை. எலும்பும் தோலுமா வெளியே வந்தார். அதே போராட்டத்தில் ஜோகன்னஸ்பர்க் தமிழ்ப் பெண்கள் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். அவர்களில் ஒருத்தி தில்லையாடி வள்ளியம்மை. சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தாள். இந்தத் தேதியை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இந்தியா திரும்பி 1915-இல் அகமதாபாத்தில் ஆசிரமம். தூதாபாய் என்பவரின் தலித் குடும்பம் அங்கே சேர்ந்தபோது கஸ்தூரிபா மறுபடி எதிர்த்தார். பழைய சண்டை, பழைய காரணம். வெளியே நன்கொடை நின்றது, உள்ளே அவர் முகம் கொடுக்கலை. ஆனால் அந்தக் குடும்பத்தின் குட்டிப் பெண் லட்சுமி, பின்னாளில் காந்தி தம்பதியின் மகளாகவே வளர்ந்தாள். அவர் மாறினார்; ஒரே நாளில் இல்லை, மெதுவா. மாறினேன்னு மேடையில் சொல்லவும் இல்லை.

1917-இல் பீகாரின் சம்பாரணில் பிதிஹர்வா என்ற கிராமத்தில் அவர் வேலை செய்தார். அங்கே பெண்கள் அழுக்குத் துணியோடு இருந்தார்கள். ஏன் துவைக்கலைன்னு கேட்டு வரச் சொன்னார் காந்தி. ஒரு பெண் கஸ்தூரிபாவைக் குடிசைக்குள் கூட்டிப்போய்க் காட்டினாள். பெட்டி இல்லை, அலமாரி இல்லை, மாற்றுத் துணி இல்லை. கட்டியிருக்கும் சேலை ஒன்றுதான். இன்னொண்ணு வாங்கித் தந்தா தினம் குளிக்கிறேன் என்றாள். கஸ்தூரிபா வாழ்க்கையில் எளிமை என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் வந்த இடம் இதுவாத்தான் இருக்கணும்னு நான் நினைக்கிறேன். இது வரைக்கும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது நகை. இங்கே அவர் பார்த்தது, விட்டுக்கொடுக்க எதுவுமே இல்லாத ஒரு வீடு. குறைவா வாழறதும் குறைவா வாழ வைக்கப்படறதும் ஒண்ணு இல்லைன்னு நமக்கு எந்த ரீல்ஸும் சொல்லித்தராது.

சபர்மதி ஆசிரமத்தில் சமையலறை அவர் ராஜ்ஜியம். அங்கே யாரும் சொந்தமாப் பணம் வெச்சுக்கக் கூடாது என்பது விதி. தனக்கு அன்பளிப்பா வந்த நூறு, இருநூறு ரூபாயை அவர் வெச்சிருந்தது, ஒரு தடவை திருடர்கள் புகுந்தபோது வெளியே தெரிந்தது. மன்னிப்புக் கேட்டார். பிறகு யாரோ கொடுத்த நான்கு ரூபாயை ஆபீஸில் சேர்க்காமல் வெச்சிருந்தார். 1929-இல் காந்தி இதைத் தன் பத்திரிகையிலேயே எழுதினார், மனைவி பெயரைச் சொல்லி, தன் அவமானம் என்று. நாலு ரூபாய்! பொது வாழ்க்கையில் வெளிப்படைத்தன்மை என்று இன்னிக்கு நாம கேட்கறதோட உச்சம் அது. ஆனா தன் கையில் நாலு ரூபாய் இருக்கணும்னு 60 வயசில் ஒரு பெண் நினைச்சது ஏன்னு அந்தக் கட்டுரை கேட்கலை. நான் கேட்கிறேன். சேவாகிராமத்தில் தனியா இருக்க ஒரு மூலை கூட இல்லாமல் தவித்தபோது, ஜம்னாலால் பஜாஜ் அவருக்கென்று ஒரு சின்னக் குடிசை கட்டிக் கொடுத்தார். 'பா குடி' என்று இன்னும் அங்கே இருக்கு.

1942 ஆகஸ்ட் 9 காலையில் காந்தி கைதானார். அன்று மாலை பம்பாய் சிவாஜி பார்க் கூட்டத்தில் அவருக்குப் பதிலா நான் பேசறேன் என்று கஸ்தூரிபா அறிவித்தார். போகும் முன்னே கைது. பூனாவில் ஆகா கான் மாளிகையில் சிறை. பளிங்கும் தோட்டமும் உள்ள அரண்மனை. அவருக்கு அது பிடிக்கவே இல்லை. போன ஒரு வாரத்திலேயே மகன் மாதிரி இருந்த மகாதேவ் தேசாய் அங்கே இறந்துபோனார்.

அந்தச் சிறையில் 73 வயதில் அவர் படிக்க உட்கார்ந்தார். காந்திதான் வாத்தியார். பூகோளம், குஜராத்திப் பாடம். எழுதிப் பழக ஒரு நோட்டு வேணும்னு கேட்டார். முதலில் உதிரித் தாள்களில் எழுது, கையெழுத்து நல்லா வந்ததும் நோட்டு தரலாம் என்றார் காந்தி. காகிதத்தை வீணாக்கக் கூடாதுங்கற அதே சிக்கனம். கஸ்தூரிபாவுக்கு அது சுருக்குன்னு தைத்தது. பிறகு நோட்டு வந்தபோது, எனக்கெதுக்கு என்று ஒதுக்கி வைத்துவிட்டார், எழுதவே இல்லை. நாம லேப் ரெக்கார்டுக்குன்னு வாங்கி நாலு பக்கத்தோட தூக்கிப் போட்ட நோட்டுகள் எத்தனைன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த இடத்தில் நான் முழுசா அவர் பக்கம்தான். வாழ்நாள் முழுக்கக் கொடுத்தவர் கேட்டது ஒரு நோட்டு.

1944 தொடக்கத்தில் இதயம் ரொம்பவே பலவீனமானது. பிள்ளைகளைப் பார்க்கணும்னு கேட்டுக்கொண்டே இருந்தார். ஹரிலால் வந்தார், ஒரு நாள் குடித்துவிட்டு வந்ததைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டு அழுதார். பிப்ரவரி 22, மகா சிவராத்திரி அன்று மாலை, காந்தியின் மடியில் உயிர் போனது. வள்ளியம்மை இறந்து சரியா முப்பது வருஷம், அதே தேதி.

காந்தி நூற்ற நூலில் நெய்த ஒரு சேலையை அவர் இதற்காகவே எடுத்து வைத்திருந்தார். அதைத்தான் உடுத்தினார்கள். மாளிகை வளாகத்திலேயே மகாதேவின் சமாதிக்குப் பக்கத்தில் தகனம். காந்தி வெயிலிலும் நகராமல் கடைசி வரை அங்கேயே இருந்தார். அவர் கையிலிருந்த ஐந்து கண்ணாடி வளையல்கள் சாம்பலில் உடையாமல் கிடைத்ததா கூட இருந்தவங்க எழுதியிருக்காங்க. நெக்லஸுக்குப் பிறகு அவர் கையில் மிஞ்சியிருந்தது அந்த வளையல்கள்தான்.

அவர் பெயரில் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நிதி திரட்ட 75 லட்சம் ரூபாய் இலக்கு வைத்தார்கள். நாலு ரூபாய்க்குக் கணக்குக் கேட்கப்பட்டவர் பெயரில், நாடே பணத்தைக் கொட்டியது. அந்த அறக்கட்டளையின் தமிழ்நாட்டு வேலையைப் பார்த்தவர் டாக்டர் சௌந்தரம். அவர் 1947-இல் திண்டுக்கல் பக்கம் தொடங்கிய காந்திகிராமத்தில் கஸ்தூரிபா பெயரில் ஒரு மருத்துவமனை இன்றும் நடக்கிறது. பக்கத்து ஊர்ப் பெண்கள் பிரசவத்துக்கு அங்கே போறாங்க.